கழுவ இயலாத குருதி: மரீனா அப்ரமோவிச்சின் ‘பால்கன் பரோக்’ நிகழ்த்துகலையில் நாற்றம்

முன்னுரை

வன்முறையின் நினைவை உணர்த்தும் கலைகள் பெரும்பாலும் கண்ணையும் செவியையும் சார்ந்தே அமைகின்றன. காண விரும்பாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மூச்சை நெடுநேரம் அடக்கிவைத்தல் எவர்க்கும் இயலாது. இவ்வியல்பைப் பயன்கொண்ட நிகழ்த்துகலைகளுள் 1997இல் வெனிசு ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் மரீனா அப்ரமோவிச் நிகழ்த்திய ‘பால்கன் பரோக்’ குறிப்பிடத்தக்கது. அதில் நாற்றம் ஆற்றும் பணியை இக்கட்டுரை விளக்குகிறது. ‘நாற்றம்’ என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. ஈண்டு இன்றைய வழக்கின்படி தீநாற்றத்தையே சுட்டும்.

நிகழ்வு

அப்ரமோவிச் 1946இல் பெல்கிரேடில் பிறந்தவர். அவர் பிறந்த யுகோசுலாவியா 1991 முதல் இனப்போர்களால் சிதறுண்டது. அப்போர்களின் பின்னணியில், வெள்ளாடை அணிந்து, நிலவறையொன்றில் மாட்டெலும்புக் குவியலின்மேல் அமர்ந்து, நான்கு நாள்கள், நாள்தோறும் ஆறு மணி நேரம், எலும்புகளில் ஒட்டியிருந்த குருதியையும் ஊனையும் தேய்த்துக் கழுவினார். இளமையில் அறிந்த நாட்டுப்பாடல்களையும் பாடினார். கோடை வெப்பத்தில் ஊன் அழுகியது, புழுக்கள் தோன்றின, நாற்றம் அறையை நிறைத்தது.

நாற்றத்தின் பணி

கழுவுதல் தூய்மையை நாடும் செயல். இங்கோ கழுவும் நாள்கள் கூடக்கூட நாற்றமும் கூடுகிறது. எலும்பு தூய்மையுறுவதாகக் கண் கருதலாம். மூக்கு அதனை மறுக்கிறது. நடந்த கொலைகளை எச்சடங்காலும் துடைக்க இயலாது என்பதைச் சொல்லின்றி உணர்த்துவது இம்முரணே.

மேலும், நாற்றம் பார்வையாளரை விலகி நிற்க விடுவதில்லை. நிகழ்த்துபவர் உள்ளிழுக்கும் காற்றையே அவரும் உள்ளிழுக்கிறார். அழுகும் ஊனின் நாற்றத்தில் செர்பியர், குரோவாசியர், போசுனியர் என்னும் வேறுபாடும் இல்லை. இனப்பிரிவின் பெயரால் நிகழ்ந்த போர்களை நினைவூட்டும் கலைக்கு இது வலிமையாகிறது. எனினும், கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்பதை நாற்றம் கூறாது. பொறுப்பை வரையறுக்க வேண்டிய இடத்தில் துயரத்தைப் பொதுமைப்படுத்திவிடுதல் இவ்வுத்தியின் வரம்பாகும்.

முடிவுரை

அக்கண்காட்சியின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை இந்நிகழ்வு பெற்றது. இன்று ஆய்வாளர்க்குக் கிடைப்பவை அதன் ஒளிப்படங்களும் காணொளிப் பதிவுகளுமே. அவற்றில் எலும்புக் குவியலின் நடுவே துயருறும் ஒரு பெண்ணைக் காண்கிறோம்; கழுவுதல் தோற்றுப்போவதை உணர்த்திய நாற்றம் அவற்றில் இல்லை. படிமத்தை மட்டும் கொண்டு விளக்கும் ஆய்வு இந்நிகழ்வை ஓர் ஒப்பாரியாகவே காணும்; ஆறுதலை மறுக்கும் அதன் இயல்பைத் தவறவிடும். ஆகவே, நிகழ்த்துகலை ஆய்வில், பதிவில் எஞ்சாத புலனனுபவங்களை நேரில் கண்டோர் கூற்றுகளின் துணைகொண்டு மீட்டெடுத்தல் இன்றியமையாததாகும்.