பாறைச் சுவரருகே ஜி.பி.எஸ். தடுமாறுவது ஏன்?

ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே, மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்குமிடத்தை இணையத்தில் அறிவித்தார். ஜியோகேச்சிங் எனும் புதையல் வேட்டை பிறந்தது.

இன்று செங்குத்துப் பாறைகளிலும் பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. கயிறு முதலிய கருவிகள் இன்றி எட்ட முடியாதவற்றுக்கு நிலக் கடின மதிப்பீடு 5. அதுவே உச்ச அளவு.

பாறையடியில் நிற்கும்போதே ‘இலக்கு இதுதான்’ என்று ஜி.பி.எஸ். கருவி சொல்லும். பெட்டியோ தலைக்கு மேலே இருக்கும். ஏன்? அறிவிக்கப்படுபவை அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே.

கருவி உயரத்தையும் கணக்கிடுமே? கணக்கிடும், ஆனால் பிழை கூடுதல். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நம்மைச் சுற்றி எல்லாத் திசையிலும் இருப்பதால், கிடைமட்டப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. காலடியிலோ பூமி மறைக்கிறது. மேலிருந்து மட்டுமே சமிக்ஞை கிடைக்கிறது. ஆகவே உயரப் பிழையை ஈடுசெய்ய எதுவுமில்லை.

பாறைச் சுவர் பாதி வானத்தை மறைப்பதுடன் சமிக்ஞையை எதிரொளிக்கவும் செய்கிறது. எதிரொளித்த சமிக்ஞை 100 நானோநொடி தாமதித்தால், தூரக் கணக்கு 30 மீட்டர் பிசகும்.

எனவே, திறந்த வெளிக்கு விலகி நின்று அளவெடுங்கள். வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் படியுங்கள். திரையின் அம்பு காட்டுவது திசையை மட்டுமே. பள்ளத்தை அது அறியாது.