சுவரை இழுத்துப் பிடிக்கும் நட்சத்திரம்

திருப்பதியைத் தாண்டிப் போனால் சந்திரகிரி. அங்குள்ள ராஜ மஹால், கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு மரமே சேர்க்காமல் கட்டிய மாளிகை. எந்த வளைவும் தன் மேல் இறங்கும் பாரத்தின் ஒரு பங்கைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே அதைத் தடித்த சுவர்கள் தம் எடையாலேயே தாங்கிவிடுகின்றன. சுவர் மெலிந்த கட்டடங்களில் அந்த வேலைக்கு இரும்பு தேவைப்பட்டது.

பழைய செங்கல் கட்டடங்களின் வெளிச்சுவரில் சில இடங்களில் நட்சத்திரம், வட்டம், பெருக்கல் குறி போன்ற வடிவங்களில் இரும்பு வில்லைகள் பதிந்திருக்கும். பார்ப்பதற்கு அலங்காரம்போல் இருக்கும். ஆனால் அதன் பின்னால் ஓர் இரும்புக் கம்பி சுவரைத் துளைத்து உள்ளே ஓடுகிறது. எதிர்ச்சுவரையோ தளத்தின் உத்திரத்தையோ பற்றியிருக்கிறது. இதை டை ராட் என்பார்கள். வெளியே தெரியும் வில்லை, ஆங்கர் பிளேட். வெறும் நட்டை முடுக்கினால் செங்கல் நொறுங்கும்; வில்லை அந்த இழுவையைப் பல செங்கற்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. நட்சத்திரத்தின் கரங்கள் குறைந்த இரும்பில் அதிகப் பரப்பை எட்டுகின்றன.

இரும்பு உத்திரங்களுக்கிடையே செங்கல் வளைவு கட்டும் ஜாக் ஆர்ச் கூரையிலும் இதே கதைதான். நடுவிலுள்ள வளைவுகள் ஒன்றின் தள்ளுதலை ஒன்று சமன் செய்யும். கடைசி வளைவுக்கு எதிர்த்துத் தள்ள யாருமில்லை. அங்கே டை ராட் அவசியம்.

எனக்கு மிகவும் பிடித்தது இரும்பைச் சூடாக்கிச் சுவரை நிமிர்த்தும் உத்தி. 10 மீட்டர் கம்பியை 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேற்றினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். அப்போது நட்டை முடுக்கிவிட்டால், குளிர்ந்து சுருங்கும் கம்பி சுவரை உள்ளே இழுக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் வெளியே சாய்ந்த சுவர்களை மோலார் என்பவர் இப்படித்தான் நிமிர்த்தினார்.

நெதர்லாந்தில் கட்டிய ஆண்டின் எண்களையே வில்லைகளாக அடித்துப் பொருத்தினார்கள். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், 1886 ஆகஸ்ட் 31 நிலநடுக்கத்துக்குப் பின் ஏராளமான வீடுகளில் இத்தகைய கம்பிகள் ஏறின. காரை உதிர்ந்த சுவரைக் கம்பி மட்டும் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். துருவும் ஆபத்துதான்: துருப்பிடித்த இரும்பு பருத்துச் செங்கல்லைப் பிளக்கும்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது அறைக்குக் குறுக்கே ஓடும் கம்பி கண்ணை உறுத்தலாம். கட்டுமானப் பொறியாளரைக் கேட்காமல் அதை அறுத்துவிடாதீர்கள்.