கால்மார் எதிர் குக் கெமிக்கல் வழக்கு

கால்மார் எதிர் குக் கெமிக்கல் என்பது பூச்சிக்கொல்லி தெளிப்பானின் மூடி ஒன்றுக்கு வழங்கப்பட்ட காப்புரிமம் செல்லுமா என்பது குறித்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த வழக்கு ஆகும். இதனை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கிரகாம் எதிர் ஜான் டியர் வழக்குடன் சேர்த்து 1966 பெப்ரவரி 21 அன்று தீர்த்து வைத்தது.

பின்னணி

காப்புரிமம் பெற ஒரு பொருள் புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அத்துறையில் சராசரித் திறனுடைய ஒருவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாகவும் இருத்தல் கூடாது. அமெரிக்காவில் 1952 ஆம் ஆண்டின் காப்புரிமச் சட்டம், 103 ஆம் பிரிவில் இதனை எழுத்து வடிவில் சேர்த்தது.

தெளிப்பான் பொருத்திய புட்டிகளை அனுப்பும்போது வழியில் மருந்து கசிவது உற்பத்தியாளர்களுக்கு நெடுநாள் தொல்லையாக இருந்தது. இசுகாகின் என்பவர், தெளிப்பானின் அழுத்துதண்டைக் கீழே அழுத்திப் பிடித்து, கசிவையும் தடுக்கும் மேல்மூடி ஒன்றை வடிவமைத்தார். அதன் காப்புரிமம் 1959 இல் வழங்கப்பட்டு, குக் கெமிக்கல் நிறுவனத்திடம் இருந்தது. விற்பனையும் நன்றாக நடந்தது. அதை ஒத்த தெளிப்பானைச் செய்த கால்மார் நிறுவனம், காப்புரிமம் செல்லாது என அறிவிக்கக் கோரியது. குக் கெமிக்கல் உரிமை மீறல் என்று எதிர்வழக்கிட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் காப்புரிமத்தை ஏற்றன.

தீர்ப்பு

உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. தீர்ப்பை நீதிபதி டாம் கிளார்க் எழுதினார். இசுகாகின் முதலில் பரந்த உரிமை கேட்டிருந்தார். காப்புரிம அலுவலகம் அதனை மறுத்ததால், வளைய விளிம்பால் அமையும் அடைப்பு, மூடிக்குக் கீழே விடப்படும் சிறு இடைவெளி ஆகியவற்றோடு தம் கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டார். அன்று விட்டுக்கொடுத்ததைப் பின்னர் வழக்கில் மீட்டுக்கொள்ள இயலாது என்றது நீதிமன்றம்.

எஞ்சிய வேறுபாடு மிகச் சிறியது. திரவக் கலன்களின் ஊற்றுவாய்க்காக லிவிங்ஸ்டன் உருவாக்கிய அமைப்பு, 1953 இலேயே அத்தகைய அடைப்பைக் காட்டியிருந்தது. ஊற்றுவாய் வேறு துறை என்று குக் கெமிக்கல் வாதிட்டது. ஆனால் தீர்க்க வேண்டியிருந்தது பூச்சிக்கொல்லிச் சிக்கல் அல்ல, மூடிச் சிக்கலே. எனவே மூடிகள் பற்றிய முந்தைய காப்புரிமங்களும் ஒப்பிடத் தக்கவை என நீதிமன்றம் கூறியது. நெடுநாள் தேவை, வணிக வெற்றி என்ற வாதங்களும் காப்புரிமத்தைக் காப்பாற்றவில்லை. காப்புரிம அலுவலகத்தில் தேடினாலே கிடைத்திருக்கும் அறிவை யாரும் பயன்படுத்தவில்லை என்பது புத்தாக்கத்துக்குச் சான்றாகாது என்பது நீதிமன்றத்தின் கருத்து.

முக்கியத்துவம்

இத்தீர்ப்பு வகுத்த ஆய்வுமுறை இன்றும் பின்பற்றப்படுகிறது. அதன்படி கீழ்க்காண்பவை ஆராயப்படும்:

- முன்பே அறியப்பட்டவை எவை
- அவற்றுக்கும் புதிய பொருளுக்கும் உள்ள வேறுபாடு
- அத்துறையினரின் சராசரித் திறன்

வணிக வெற்றி, பிறரது தோல்வி போன்றவை துணைச் சான்றுகளாகும்.

ஒரு பொருளை உருவாக்கி முடித்த பின் பார்த்தால் எதுவும் எளிதாகவே தோன்றும். இந்தப் பிற்பார்வைப் பிழையைத் தவிர்க்கவே துணைச் சான்றுகள் பார்க்கப்படுகின்றன. அதே வேளையில், ஏற்கெனவே பொதுவில் உள்ள அறிவைச் சிறு மாற்றத்துடன் ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொண்டால் மற்ற உற்பத்தியாளர்களின் வழி அடைபடும். இவ்விரண்டுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பதற்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டாகும்.