இ.எம்.ஐ.-ல லென்ஸ் வாங்கலாமா?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் வந்த வாய்ஸ் நோட்கள்ல ஒண்ணு மட்டும் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருந்துச்சு. அதனால இன்னைக்குப் பேச வச்சிருந்த ஸ்க்ரிப்டை ஓரமா வச்சுட்டு இதைப் பேசுறேன்.

அனுப்பினவங்களுக்கு 24 வயசு. ஓ.எம்.ஆர்.-ல வேலை, சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. கையில ஒரு ஏ.பி.எஸ்-சி கேமரா, அதோட பெட்டியிலேயே வந்த 18-55 கிட் லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை விடிஞ்சா பள்ளிக்கரணைக்குப் போய் பறவை எடுக்குறாங்க. "அண்ணா, 70-200 எஃப்/2.8 வாங்கலாம்னு இருக்கேன். 18 மாச இ.எம்.ஐ. அம்மா கிட்ட இன்னும் சொல்லல. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தாங்க.

அந்த "அம்மா கிட்ட இன்னும் சொல்லல"ங்கிற இடத்துலதான் நான் மாட்டிக்கிட்டேன். ஏன்னா நானும் சொல்லாமத்தான் வாங்கினேன். 2016-ல, அதே வகை லென்ஸ், அதே 18 மாசம். வீட்ல "இருபத்தஞ்சாயிரம் ஆச்சு"ன்னு ஒரு பொய். என் கதையை அப்புறம் சொல்றேன். முதல்ல அந்தக் காசு எதுக்குப் போகுதுன்னு பார்த்துடலாம்.

எஃப் எண் ஒண்ணும் மர்மம் இல்லை. லென்ஸோட ஃபோக்கல் லெங்க்த்தை எஃப் எண்ணால வகுத்தா, வெளிச்சம் நுழையுற துவாரத்தோட அகலம் கிடைக்கும். 200 எம்.எம். லென்ஸ் எஃப்/5.6-னா, துவாரம் சுமார் 36 எம்.எம். அதே 200 எஃப்/2.8-னா சுமார் 71 எம்.எம். அகலம் இரண்டு மடங்கு, பரப்பளவு நாலு மடங்கு. அவ்ளோ பெரிய கண்ணாடியைக் கோணல் இல்லாம இழைச்சு, கோட்டிங் போட்டு, உள்ளே ஏகப்பட்ட கண்ணாடிகளோட சேர்த்து நகர வைக்கணும். அதனாலதான் புதுசு இரண்டு லட்சத்தைத் தாண்டுது, எடையும் ஒன்றரைக் கிலோ கிட்ட நிக்குது. கம்பெனிக்காரன் நம்மள ஏமாத்துறான்னு சொல்ல முடியாது.

சரி, அந்த நாலு மடங்கு வெளிச்சத்தை வச்சு என்ன பண்ணலாம்? ஒரு அரங்கேற்றம்னு வச்சுக்கோங்க. மேடையில மஞ்சள் லைட், பொண்ணு தீர்மானம் ஆடுறா. கேமராவை ஐ.எஸ்.ஓ. 3200-ல வச்சும், எஃப்/5.6-ல ஷட்டர் வேகம் 1/60 வினாடிதான் கிடைக்குதுன்னா, கை, கால் எல்லாம் புகையாத்தான் விழும். அதே இடத்துல எஃப்/2.8 இருந்தா 1/250. முத்திரை பிடிச்ச விரல் விரலாவே தெரியும். லென்ஸ் மேல ஐ.எஸ்.னோ வி.ஆர்.னோ எழுதியிருக்குமே, அது நம்ம கை நடுங்குறதைத்தான் சமாளிக்கும். மேடையில ஆடுறவங்களை அது நிறுத்தி வைக்காது. இந்த வித்தியாசம் தெரியாம நிறைய பேர் காசை விட்டிருக்காங்க.

என் நண்பன் ஒருத்தன் கல்யாண போட்டோகிராஃபர். அவனுக்கு இந்த லென்ஸ் ஆசை இல்லை, அரிசி பருப்பு மாதிரி. தாலி கட்டுற நேரம் சில நொடிதான். அந்த நேரம் பார்த்து மண்டபத்துல பாதி லைட் இல்ல, முன்னாடி வீடியோக்காரர் முதுகு, அட்சதை பறக்குது. "மாப்பிள்ளை, இன்னொரு தடவை கட்டுங்க"ன்னு கேட்க முடியுமா? மழையில நனைஞ்சாலும், தூசி அடிச்சாலும், ஆட்டோஃபோக்கஸ் தடுமாறாம டக்குனு பிடிக்கணும். ப்ரோ லென்ஸ்ல நாம கொடுக்குற காசுல பெரிய பங்கு இந்த "தப்பக் கூடாது"ங்கிறதுக்குத்தான். ஹாபிக்காரங்களுக்கு அந்த நெருக்கடியே கிடையாது. இந்த ஞாயிறு படம் சொதப்பினா அடுத்த ஞாயிறு திரும்பிப் போகலாம். கிளையன்ட் யாரும் போன்ல கத்தப் போறதில்லை.

இப்போ பள்ளிக்கரணைக்கு வருவோம். தங்கச்சி, உங்க கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கு. நீங்க ஆசைப்படுற லென்ஸ் நீங்க எடுக்குற படத்துக்குப் பொருத்தமே இல்லை.

பறவைக்கு முதல்ல வேணும்கிறது நீளம், அப்புறம்தான் வெளிச்சம். 200 ரேடியல் ரோட்ல நின்னு பார்த்தா பூநாரைக் கூட்டம் எவ்ளோ தூரத்துல நிக்கும்னு உங்களுக்கே தெரியும். 200 எம்.எம்.-ல அது வெள்ளைப் புள்ளிதான், என்ன, கொஞ்சம் விலை உயர்ந்த வெள்ளைப் புள்ளி. உங்க மாதிரி கேமராவுக்குன்னே வர்ற 55-250 ரக லென்ஸ் அதைவிட நீளம். எடை நானூறு கிராமுக்குள்ள, விலையோ நீங்க நினைச்சிருக்கிறதுல சின்னப் பங்கு. அது பழசா கிடைச்சாலும் போதும்.

"ஆனா அது எஃப்/5.6 ஆச்சே"ன்னு கேட்பீங்க. கேளுங்க. பளிச்னு வெயில் இருந்தா எஃப்/16-ல ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குச் சமமா இருக்கும்னு ஒரு பழைய கணக்கு உண்டு, ஃபிலிம் காலத்து ஆளுங்க மீட்டர் இல்லாமலே இதை வச்சுத்தான் எடுத்தாங்க. அதாவது ஐ.எஸ்.ஓ. 400-ல 1/400. எஃப்/5.6-க்கு வந்தா வெளிச்சம் எட்டு மடங்கு கூடுது, 1/3200 ஆயிடும். காலை ஏழு மணி வெயில் அவ்ளோ இருக்காதுதான். பாதிக்குப் பாதி குறைஞ்சு, இன்னொரு பாதியும் குறைஞ்சா கூட 1/800 இருக்கு. நிக்கிற பறவைக்கு இது தாராளம், மெதுவா பறக்குற நாரைக்கும் பெரும்பாலும் போதும். எஃப்/2.8-க்கு அங்கே வேலையே இல்லை.

பறவைப் பைத்தியம் ரெண்டு வருஷம் கழிச்சும் விடலைன்னா 150-600 ரகத்தைப் பத்தி யோசிங்க. அதுக்கு நடுவுல வேடந்தாங்கல் போங்க. சீசன் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். கூடு கட்டியிருக்கிற மரங்கள் ஏரிக் கரையில இருந்தே தெரியும். கொஞ்சம் கிட்டப் போறதுதான் இருக்குறதுலயே மலிவான ஜூம்.

இப்போ என் கதை. வாங்கின முதல் மாசம் அந்த லென்ஸைக் கடைத்தெருவுக்குக் கூடத் தூக்கிட்டுப் போனேன். மூணாவது மாசம் கழுத்து வலி. ஆறாவது மாசத்துல இருந்து, "இன்னைக்கு வேண்டாம், வெயிட்டா இருக்கு." ஆனா அஞ்சாம் தேதி ஆனா இ.எம்.ஐ. மட்டும் கரெக்டா போயிடும். மழைக்காலம் வந்துச்சு, பையோட பீரோவுல வச்சேன். மூணு மாசம் கழிச்சு எடுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கு. பூஞ்சை. சென்னைக் காத்துல இருக்கிற ஈரப்பதத்துக்கு மூடின பைதான் அதுக்கு மாமியார் வீட்டு விருந்து. சர்வீஸ்காரர் சொன்ன தொகையை வீட்ல கடன் வாங்க வேண்டி வந்துச்சு, அப்பதான் இருபத்தஞ்சாயிரம் பொய்யும் வெளியே வந்துச்சு. அப்பா திட்டல. "எவ்ளோன்னு சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் போட்டிருப்பேனே"ன்னார். திட்டியிருந்தாலே பரவாயில்லைன்னு இருந்துச்சு.

(சும்மா ஒரு தகவலுக்கு: காத்துப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு குட்டி ஹைக்ரோமீட்டர். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும். மொத்தச் செலவு ஒரு பிரியாணி பார்ட்டி அளவுதான்.)

அந்த 18 மாசத்துல நான் எடுத்த உருப்படியான படங்கள் எல்லாம் 50 எம்.எம். எஃப்/1.8-ல எடுத்தது. வெறும் 160 கிராம். அதோட துவாரம் கிட் லென்ஸோட எஃப்/5.6-ஐ விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். ஹென்றி கார்ட்டியே-பிரெசான் வாழ்நாள்ல பெரும்பகுதி ஒரு 50-ஐ வச்சே ஓட்டினவர். அவரு ஒண்ணும் ஹாபிக்காரர் இல்லை.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க. கடைசி ஒரு வருஷத்துல உங்களுக்குப் பிடிச்ச நூறு படத்தை எடுங்க. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளேயும் எந்த ஃபோக்கல் லெங்க்த், எந்த எஃப் எண், எந்த ஐ.எஸ்.ஓ.-ன்னு பதிவாகி இருக்கும். எண்ணுங்க. பாதிக்கு மேல 55-லேயே முட்டிட்டு நின்னா, உங்களுக்கு நீளம் பத்தலை. எல்லாமே ஐ.எஸ்.ஓ. 6400-னா, வெளிச்சம் பத்தலை. 35-ஐச் சுத்தியே இருந்தா எதுவும் வாங்காதீங்க, அந்தக் காசுல ஹம்பிக்கு டிக்கெட் போடுங்க. அப்பவும் ஆசை அடங்கலைன்னா ரெண்டு நாள் வாடகைக்கு எடுங்க. அடையாள அட்டையும் டெபாசிட்டும் கேட்பாங்க, கொடுங்க. ரெண்டாவது நாள் சாயங்காலம் தோள்பட்டை என்ன சொல்லுதுன்னு கேளுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு வாதம் கிடையாது. காசு கையில இருக்கு, கடன் இல்லை, அந்த லென்ஸைத் தொட்டாலே சந்தோஷமா இருக்குன்னா வாங்கிக்கோங்க. ஆசைக்கு வாங்குறதுல ஒரு தப்பும் இல்லை. பட்டுப்புடவைக்கு யாரு கணக்குக் கேட்குறா? ஆனா அதை "இன்வெஸ்ட்மென்ட்"னு மட்டும் சொல்லாதீங்க. 2018-ல கேனான், நிக்கான் ரெண்டுமே மிரர்லெஸ்ஸுக்குப் புது மவுன்ட் கொண்டு வந்த பிறகு, பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களை விக்க வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. அதுவே செகண்ட்ஹேண்ட் வாங்குறவங்களுக்கு லாபம். அடாப்டர் போட்டுப் புது கேமராவுலயும் ஓட்டலாம். ஆனா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க, நான் பட்டது போதும்.

என் 70-200-ஐ சுத்தம் பண்ணி, பாதி விலைக்கும் கீழே அந்தக் கல்யாண நண்பன்கிட்டயே கொடுத்துட்டேன். ஒரே முகூர்த்த சீசன்ல போட்ட காசை எடுத்துட்டான். போன மாசம் ஒரு ரிசப்ஷன்ல பார்த்தேன், ஹூட் உடைஞ்சு டேப் சுத்தி வச்சிருக்கான், லென்ஸ் இன்னும் ஓடுது.

தங்கச்சி, நூறு படம் எண்ணிட்டு ரிசல்ட்டை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அம்மா கிட்ட பேசினீங்களான்னும் சொல்லுங்க. மத்தவங்களும் எண்ணி அனுப்பலாம், அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.