“கொஞ்சம் பிரேக்கை மிதிக்கிறாயா?”

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? இருந்தால், அது ஓடுகிற காரா, ஞாயிற்றுக்கிழமைதோறும் கழற்றப்படுகிற காரா? ஓடுகிற கார் என்றால் நீங்கள் பாக்கியசாலி. பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடலாம். மற்றவர்கள் சற்று இருங்கள்.

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது ஓர் அம்பாஸிடர். என் மாமனார் 1978-ல் வாங்கியது. அந்த வண்டியின் உற்பத்தியே 2014-ல் நின்றுபோயிற்று. ஆகவே ஒரு சின்ன ரப்பர் வளையம் வேண்டுமென்றாலும் என் கணவர் சனிக்கிழமை முழுவதும் புதுப்பேட்டைக் கடைகளில் அலைகிறார். அகப்பட்டதை ஞாயிற்றுக்கிழமை பொருத்துகிறார். “விற்றுவிடலாமே” என்று நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். அவருடைய அப்பா பிடித்த ஸ்டியரிங் அல்லவா? அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் கஷ்டம் என்னவென்றால், நான் கதை எழுத உட்காருவதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். வாரத்தில் ஆறு நாள் பத்திரிகை உத்தியோகம். பிறர் சொன்னதை எழுதுகிறேன். ஏழாவது நாள் என் சொந்தச் சரக்கு. கதையில் ஒரு பெண், வீட்டை விட்டுக் கிளம்பி விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறாள். போவதா, திரும்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். பாவம், மூன்று ஞாயிறு அவளை அந்தப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டேன்.

முதல் ஞாயிறு டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள்ளே இரண்டு சின்ன உலோக முனைகள் இருக்கின்றன. அவை விலகும்போதுதான் பிளக்கில் தீப்பொறி பிறக்கும். அந்த இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 15 பங்கு இருக்க வேண்டுமாம். அதைப் பார்க்க டார்ச் வேண்டும். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். ஆள் யார் என்று கேட்கிறீர்களா?

இரண்டாவது ஞாயிறு கார்புரேட்டர். சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டு ஓடினேன். எங்கள் இட்லித் தட்டில், குழிக்கு ஒன்றாக, திருகுகளும் பித்தளை ஜெட்டுகளும் அழகாக அமர்ந்திருந்தன! “கழற்றின வரிசை மாறக் கூடாது, அம்மா. அதற்கு இதைவிட நல்ல சாமான் உண்டா?” என்றார் இவர். அம்மா சொன்ன பதிலை அச்சிடுவதற்கில்லை.

ஆனால் எனக்கு அன்றுதான் ஒன்று புரிந்தது. அவர் பாதியில் எழுந்து காப்பி சாப்பிடப் போகலாம். திருகுகள் குழியில் காத்திருக்கும். நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் எழுந்து போனால், அதை எடுத்து வைக்க எந்த இட்லித் தட்டும் கிடையாது.

மூன்றாவது ஞாயிறு பிரேக். இது இரண்டு பேர் செய்கிற வேலை. பிரேக் குழாயில் எண்ணெய்க்கு நடுவே காற்று புகுந்துவிட்டால், மிதிக்கிற வேகம் சக்கரத்துக்குப் போவதில்லை. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். மிதிக்கட்டை பஞ்சு மாதிரி அமுங்குகிறது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் திருகைத் தளர்த்தி, ரப்பர் குழாய் வழியாக ஒரு பாட்டிலுக்குள் காற்றை வெளியேற்ற வேண்டும்.

“மிதி!”

“மிதித்தேன்.”

“விடாதே!”

“விடவில்லை.”

“இப்போது விடு!”

பாட்டிலில் குமிழி நிற்கிற வரையில் இதே பாட்டு. அதன் பிறகு அடுத்த சக்கரம். குழந்தைகள் ஏறுகிற வண்டி. பிரேக் விஷயத்தில் ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வது? மேஜைக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. விழுப்புரம் போகிற மனசே இல்லை.

பாரிஸில் வசித்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் தம்மைப் பற்றி எழுதியிருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. 1926-ல் கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பேச அவருக்கு அழைப்பு. என்ன பேசுவதென்று ஒன்றும் ஓடவில்லை. குளிரான ஒரு பிற்பகலில், தம் ஃபோர்டு காரைப் பழுது பார்க்கிற இடத்துக்குப் போனார். இன்னொரு பழைய ஃபோர்டின் படியில் உட்கார்ந்து, தம் வண்டியைப் பிரித்து மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். சில மணி நேரத்தில் வண்டியும் தயார், சொற்பொழிவும் தயார்! அதை அந்த ஆண்டே வெளியிட்டது ஹோகார்த் அச்சகம். வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவரும் நடத்தியது அது. பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குப் பணமும் தனி அறையும் வேண்டும் என்று 1929-ல் புத்தகம் போட்டாரே, அதே அம்மாள்தான்.

ஸ்டைன் அம்மாளுக்குத் தனி அறைகூடத் தேவைப்படவில்லை, பாருங்கள்! சம்மட்டிச் சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை. என்னையும் செய்யாது. ஆனால் அங்கே ஒருவரும், “கொஞ்சம் இங்கே வந்து மிதியுங்கள்” என்று அவரைக் கூப்பிடவில்லை. சத்தத்தில் எழுதிவிடலாம், சகோதரி. எந்த நிமிஷம் கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு எழுத முடியாது.

போன சனிக்கிழமை இரவு இவரிடம் சொன்னேன்: “நாளைக்கு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என்னைக் கூப்பிடாதீர்கள். அதற்கு மேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மிதிக்கிறேன்.”

அவர் யோசித்தார். “கை நடுவில் மாட்டிக்கொண்டால்?”

“அத்தையைக் கூப்பிடுங்கள்.”

அத்தையைக் கூப்பிடுகிற தைரியம் அவருக்கு ஏது? எதிர் வீட்டுக் கல்லூரிப் பையனைப் பிடித்துவிட்டார். பத்து மணி சுமாருக்கு வாசலில் “மிதி! விடாதே!” என்று கேட்டது. என் கால் தானாகத் தரையை அழுத்திற்று. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். மறுநாள் படித்துப் பார்த்ததில் அரைப் பக்கம் தேறிற்று. அந்தப் பெண் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். எந்த ரயிலில் ஏறுவாள் என்பது வருகிற ஞாயிறுதான் தெரியும். அன்றைக்கு கிளட்ச் இருக்கிறது என்று கேள்வி.

இட்லித் தட்டு புதிதாக வாங்கியாயிற்று. பழையது வண்டியின் டிக்கியில் இருக்கிறது.