மழைச் சத்தமும் நாரி நோவும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டங்களில் கண்டியிலேயே இழப்பு மிக அதிகம். மண்சரிவிலும் வெள்ளத்திலும் தப்பியவர்களில் பலர் அடிபட்ட உடம்போடுதான் தப்பினார்கள். எலும்பு கூடிவிடும், காயம் ஆறிவிடும். அதற்குப் பிறகும் நாரி நோவு, தலையிடி, கை கால் உளைவு என்று ஒருவர் மாதக்கணக்கில் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்கிறார் என்றால், முதுகைத் தடவிப் பார்த்து பனடோல் எழுதிக் கொடுப்பது போதாது. இரவில் தூக்கம் வருகிறதா, மழை பெய்யும்போது என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டும். மனவடுவை நேரத்தோடு கவனித்தால், புதிதாய் வந்த நோவு தீராத நோவாக நிலைத்துவிடுவதைப் பலருக்குத் தடுக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

தகரக் கூரையில் நள்ளிரவு மழை இறங்குகிறது. படுத்திருப்பவரின் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறுகின்றன, பல் கடிபடுகிறது, மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. ஆபத்து வந்தால் ஓடத் தயாராகும் அதே உடம்புதான்; ஆனால் ஓட வேண்டிய தேவை இல்லாமல் விடியும்வரை அப்படியே இறுகிக் கிடக்கிறது. தூக்கமும் ஓய்வும் கெட்டுப்போன நரம்பு மண்டலம் சிறு குத்தலையும் பெரிதாக உணரத் தொடங்கும். காலையில் நாரியில் நோவு எழும். அந்த நோவு சரிவு நடந்த இரவை நினைவூட்டும். நினைவு வந்ததும் உடம்பு மறுபடி இறுகும். ஷார்ப், ஹார்வி என்ற உளவியலாளர்கள் 2001இல் இந்தச் சுழலை விளக்கினார்கள். நோவுக்குப் பயந்து குனியாமலும் கூடை சுமக்காமலும் இருந்தால் தசை தளர்ந்து, பிறகு சிறு வேலைக்கே நோகும்.

இந்தச் சுழலை ஆரம்பத்திலேயே அறுக்கலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. அவுஸ்திரேலியாவில் வீதி விபத்தில் கழுத்து அடிபட்டு நான்கு வாரம் தாண்டாத 108 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும். மற்றக் குழுவுக்கு அதோடு பதற்றத்தைச் சமாளிக்கும் பயிற்சியும். அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் உளநல மருத்துவர்கள் அல்லர், பிசியோதெரபிஸ்டுகள். ஒரு வருடம் கழித்தும் இரண்டாவது குழுவினரே நோவினால் குறைவாக முடங்கியிருந்தார்கள். உளநல மருத்துவர்கள் குறைந்த நமது நாட்டுக்கு இந்தச் செய்திதான் முக்கியம், ஏனென்றால் பேராதனைப் பல்கலைக்கழகமே பிசியோதெரபிஸ்டுகளை உருவாக்குகிறது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் மனவடுவோடு இருந்த 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகளில் உதவினார்கள். நடந்ததைக் கதையாகச் சொல்ல வைத்த குழுவிலும், தியானமும் தளர்வும் கற்ற குழுவிலும் பெரும்பாலோர் ஆறு மாதத்தில் தேறினார்கள். அங்கே நோவு அளக்கப்படவில்லை. ஆனாலும் மனவடுவுக்கு நம் ஆட்களே, நம் மொழியிலேயே வைத்தியம் செய்ய முடியும் என்று அது காட்டிவிட்டது.

காலம் போனால் சரியாகிவிடும், கிளறாதே என்பார்கள். பெரும்பாலோருக்கு அது உண்மைதான். அனர்த்தம் முடிந்த கையோடு எல்லோரையும் உட்கார்த்தி ஒரே அமர்வில் பேச வைப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதனால் எல்லோரையும் பிடித்து வைத்தியம் செய்யச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழிந்தும் கெட்ட கனவும் திடுக்கிடலும் விடாதவரைத் தேடிப் பிடியுங்கள் என்கிறேன். இன்னொரு தயக்கமும் உண்டு: மனதைப் பற்றிக் கேட்டால், நோவு பொய் என்று சொல்வதாகிவிடாதா? ஆகாது. இறுகிய தசையும் தூங்காத நரம்பும் உடம்பில் உள்ளவைதான். இதை நோயாளிக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மிகக் கனமான மறுப்பு வேறு. வீடு போனவருக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானது என்று குறித்த சரிவிலேயே ஒரு குடும்பம் இன்னும் படுக்கிறது என்றால், மழைக்கு அவர்கள் பயப்படுவது நோயல்ல, புத்தி. அந்தப் பயத்தை எந்தப் பயிற்சியாலும் போக்கக் கூடாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான காணி. ஆனால் காணி அளந்து, வீடு எழும்பக் கனகாலம் செல்லும். நோவு மூன்று மாதம் நீடித்தாலே மருத்துவம் அதை நாட்பட்டது என்கிறது. அதனால் காணிக்காக நிற்கும் நாட்களிலேயே, பெருமூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டு முழங்கால்வரை குனிந்து நிமிர ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கட்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் மருந்துத் துண்டின் ஓரத்தில் எழுதிக் கொடுக்கட்டும்.