தம்புரா எங்கே போச்சு?

‘‘காது போச்சும்மா எனக்கு. எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து கேக்குது!’’

புது ஃப்ளாட்டுக்கு வந்ததிலிருந்து அப்பாவின் புலம்பல் இதுதான். பழைய வீட்டில், இதே ஸ்பீக்கர்களில் கச்சேரி கேட்கும்போது, ‘பாடகர் நடுவுல, வயலினும் மிருதங்கமும் ரெண்டு பக்கம், தம்புரா பின்னாடி’ என்று கண்ணை மூடியபடியே கை காட்டுவார். இப்போது எல்லோரும் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி ஆகிவிட்டார்களாம். காது டாக்டரிடம் போனோம். ‘வயசுக்கு நார்மல்தான்’ என்றார். அப்பா நம்பவில்லை. பாட்டு கேட்பதையே நிறுத்திவிட்டார்.

எனக்குச் சந்தேகம் ஹால் மீது.

ஒருவர் பக்கத்தில் பேசினால், அவர் குரல்தான் அதிகம் கேட்கும். தள்ளி நின்று பேசினால், அறையின் எதிரொலியும் அதிகமாகக் கலந்து வரும். இந்தக் கலவையை வைத்துத்தான் மூளை தூரத்தை எடை போடுகிறது. நல்ல ரெக்கார்டிங்கில் கச்சேரி மண்டபத்தின் அந்த மெல்லிய எதிரொலியும் பதிவாகியிருக்கும். சிக்கல் என்னவென்றால், நம் ஹாலும் தன் பங்குக்கு எதிரொலிக்கும். சுவரில் பட்டு ஒரு மீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் சத்தம் சுமார் 3 மில்லி செகண்டுதான் லேட். அவ்வளவு சீக்கிரம் வந்தால், மூளை அதைத் தனி எதிரொலியாகப் பிரிக்காது, அசலோடு சேர்த்துவிடும். 1949-லேயே ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் தன் டாக்டர் பட்ட ஆய்வில் இதை விளக்கியிருக்கிறார். அப்படிச் சேரும்போது மண்டபத்தின் எதிரொலி அமுங்கிவிடும். பின்னால் இருந்த தம்புரா, பாடகரின் மடிக்கே வந்துவிடும்!

பழைய வீட்டில் புத்தக அலமாரி, மெத்தை, கொடியில் புடவைகள். இங்கே பளபள டைல்ஸ், கண்ணாடிக் கதவு, மொட்டைச் சுவர். போதாக்குறைக்கு, டி.வி யூனிட்டின் இரண்டு மூலைகளில் ஸ்பீக்கர்கள். மூலையில் வைத்தால் பேஸ் வேறு ஊதிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கினேன். ஸ்பீக்கர்களை ஸ்டூலில் ஏற்றி, காது உயரத்துக்குக் கொண்டுவந்து, சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் இழுத்தேன். இரண்டு ஸ்பீக்கர்களும் அப்பாவின் நாற்காலியும் சம பக்க முக்கோணம். பிறகு, பக்கச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனேன். நாற்காலியிலிருந்து பார்க்க, அதில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் சத்தம் பட்டுத் திரும்புகிறது. ஒரு பக்கம் புத்தக அலமாரி, மறுபக்கம் கனமான திரை. தரையில் ஜமுக்காளம். (முட்டை அட்டை ஒட்டும் ஐடியா இருந்தால் விட்டுவிடுங்கள். பெரிய பலனில்லை, தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.)

‘‘நடக்க வழியே இல்லையேடி!’’ என்றார் அம்மா. நியாயம்தான். கேட்டு முடித்ததும் ஸ்டூல்களைப் பின்னால் தள்ளிவிடுவதாக ஒப்பந்தம். தரையில் சாக்பீஸில் அடையாளம் போட்டிருக்கிறேன்.

பழைய கச்சேரியைப் போட்டேன். அப்பா கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி, டி.வி-க்கும் பின்னால், சுவரைத் தாண்டி எங்கோ காட்டினார்.

‘‘அதோ... தம்புரா.’’